பல்லு வலி தானா நின்னுருச்சு, இனி ரூட் கெனால் தேவையா? தடை முடிஞ்சதும் கடலுக்குப் போகணும்ங்குறாக

தங்கச்சிமடத்து வலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பல்லு விஷயமா ஒன்னு கேக்கணும், தெரிஞ்சவுக சொல்லுங்க, நாலு நாளா மனசு ஒரு நெலையில இல்ல.

எங்க வீட்டுக்காரவுக விசைப்படகுல போறவுக. இப்ப மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து கரையிலதான் இருக்காக, வலை கட்டுறதும் படகுக்கு பெயிண்ட் அடிக்கிறதுமா ஓடுது. கீழ் வரிசையில இடது பக்கம் கடவாப்பல்லு ஒன்னுல ரெண்டு வருசமாவே கருப்பா ஒரு குழி கெடக்கு, சோறு போயி அடைக்கும், ஈக்குச்சிய வச்சு நோண்டி எடுத்துட்டு விட்டுருவாக. ஐஸ் தண்ணி பட்டா சுருக்குன்னு ஒரு கூச்சம் வரும், உடனே போயிரும், அவ்வளவுதான். காட்டுங்கன்னு எத்தன தடவையோ சொல்லிட்டேன், கடலுக்குப் போற ஆளுக்கு இதெல்லாம் ஒரு வலியான்னுட்டாக.

மே மாசக் கடைசியில இருந்து வேற மாதிரி ஆயிருச்சு. டீ ஒரு மடக்கு குடிச்சா துடிச்சுப் போறாக, கிளாஸ கீழ வச்ச பொறவும் கால் மணி நேரம் கன்னத்த புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்காக. ராத்திரிதான் கொடும, படுத்தா போதும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னு எந்திரிச்சுருவாக. ஒரு நா ராவு ரெண்டு மணி இருக்கும், முழிச்சுப் பாத்தா அடுப்படியில லைட்டு எரியுது, சொம்புல ஐஸ் கட்டியப் போட்டு அந்தத் தண்ணிய ஒரு மடக்கு வாயில வச்சுக்கிட்டு செவுத்துல சாஞ்சு நிக்கிறாக, தண்ணி வாயிக்குள்ள சூடானதும் துப்பிட்டு அடுத்த மடக்கு, இப்படியே விடிஞ்சுருச்சு. எந்தப் பல்லுன்னும் காட்டத் தெரியல, ஒரு நேரம் மேல் பல்லுங்குறாக, ஒரு நேரம் காதுக்குள்ள குடையுதுங்குறாக.

மெடிக்கல்ல சொல்லி வலி மாத்திரையும் அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாடிக்கும் வாங்கிக் குடுத்தேன், ஓரியூர் கோயிலுக்கும் நேந்துக்கிட்டேன். மூணு நாளைக்கு முன்ன காலைல எந்திரிச்சா வலி சுத்தமா இல்ல. டீ குடிச்சாலும் ஒன்னுமில்ல, ஐஸ் வச்சாலும் கூச்சமில்ல. மறுபடி ஒழுங்கா சாப்புடுறாக, தூங்குறாக.

ஜூன் 14 ராத்திரியோட தடை முடியுது. "வலிதான் விட்டுருச்சே, டாக்டர்கிட்ட போனா பல்லு நரம்ப எடுத்து வேர அடைக்கிற ரூட் கெனால்னுதான் சொல்லுவாங்க, அறுபது நாளா வருமானம் இல்லாம இருக்கோம், அந்தக் காச டீசலுக்கு வச்சுக்கலாம்"னு சொல்றாக. அவுக சொல்றதும் நெசந்தான். ஆனா படகு போனா மறுநா காலைலதான் கரை, நடுக்கடல்ல வலி வந்தா என்ன பண்ணுவாக? வலி நின்னா சரியாயிருச்சுன்னு அர்த்தமா? எப்ப பல்ல அடைச்சா போதும், எப்ப ரூட் கெனால் வரைக்கும் போகணும், அத நம்மளா எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உச்சிப்புளி பனங்காடு:

அக்கா, வலி இல்லன்னா விடுங்க, சும்மா கெடக்குற பல்ல போயி நோண்ட வேண்டாம்னுதான் எனக்குத் தோணுது. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான், கிராம்புத் தைலத்த பஞ்சுல தொட்டு வச்சுக்கிட்டே வருசக்கணக்கா ஓட்டுனாரு. மறுபடி வலிச்சா அப்ப பாத்துக்கலாம்.

கீழக்கரையான்:

பனங்காடு தம்பி, தயவு செஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. அந்தத் தங்கச்சி எழுதியிருக்குறத அப்படியே எழுத்துக்கு எழுத்து நான் பட்டுருக்கேன், அதான் இத எழுதுறேன்.

நான் சவூதியில வேல பாத்தப்ப எனக்கும் கீழ் கடவாப்பல்லு. பத்து நாள் ராத்தூக்கம் கெடையாது, ரூம்ல எல்லாரும் படுத்த பொறவு ஃப்ரிட்ஜ தொறந்து தொறந்து தண்ணிய வாயில வச்சுக்கிட்டு இருப்பேன். பொறவு ஒரு நா தானா நின்னுபோச்சு. அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிட்டு மறந்தே போயிட்டேன், ஊருல இருந்து வந்த தொதல் அல்வாவக்கூட அந்தப் பக்கமே வச்சு மென்னேன். நாலு மாசம் ஒன்னுமே இல்ல. லீவுல ஊருக்கு வந்த மூணாவது நாள், உம்மா ஆக்குன மீன் ஆணத்துல சோத்தப் பெசஞ்சு வாயில வச்சு கடிக்கிறேன், அந்தப் பல்லு மட்டும் மத்த பல்ல விட உசரமா முட்டுது, உயிர் போற மாதிரி ஒரு வலி. சாயங்காலத்துக்குள்ள தாடை வீங்கி, மறுநா காலைல வாய ரெண்டு வெரல் அகலத்துக்கு மேல தொறக்க முடியல, காய்ச்சல் வேற. மச்சான்தான் வண்டியில வச்சு ராம்நாட்டுக்குக் கொண்டு போனாரு. சீழத் தொறந்து விட்டு, வீக்கம் வத்துன பொறவுதான் மத்த வைத்தியமே பாத்தாங்க. அந்த டாக்டர் சொன்னது இன்னும் காதுல இருக்கு, "வலி நின்னப்ப உங்க பல்லு நல்லாகல, உள்ள நரம்பு செத்துருச்சு, செத்த நரம்புக்கு வலிக்கத் தெரியாது."

தங்கச்சி, மாப்பிள்ளைய கடலுக்குப் போறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போங்க.

ராம்நாட்டுப் பல் மருத்துவர்:

நான் ராமநாதபுரத்துல பத்து வருசத்துக்கு மேல பல் வைத்தியம் பாக்குறேன்மா. வாயத் தொறந்து பாக்காம ஒரு பல்லுக்கு இதுதான் வைத்தியம்னு முடிவாச் சொல்ல முடியாது, அத முதல்லயே சொல்லிர்றேன். ஆனா நீங்க ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க, ஒரு பல்லு கொஞ்சங்கொஞ்சமா எப்படிச் சாகுதுங்குற கதைய வரிசையா எழுதியிருக்கீங்க, அதனால அந்த வரிசையிலயே சொல்றேன்.

பல்லு மேல எனாமல்ங்குற கெட்டி ஓடு, அதுக்குக் கீழ டென்டின்னு இன்னொரு அடுக்கு, அதுக்கும் உள்ள நடுவுல ஒரு சின்ன அறை, அங்கதான் நரம்பும் ரத்தக் குழாயும் சேந்த கூழ் மாதிரி சதை இருக்கு. பல்ப்னு சொல்லுவோம், நம்ம ஆளுக பல்லு நரம்புன்னு சொல்றது இதத்தான். அந்த ரெண்டு வருசம் ஐஸ் தண்ணிக்கு சுருக்குன்னு வந்து உடனே போச்சுன்னீங்களே, அப்ப சொத்தை டென்டின்ல இருந்திருக்கும், நரம்பு உசுரோட நல்லா இருந்திருக்கும். குளிர்ச்சிய எடுத்ததும் ஒரு சில செகண்டுல கூச்சம் அடங்கிருச்சுன்னா பெரும்பாலும் சொத்தைய சுரண்டி எடுத்துட்டு அடைச்சாலே போதும், நரம்பு தானா தேறிக்கும். அந்த ரெண்டு வருசம் கையவிட்டுப் போச்சேன்னு படிக்கிறப்ப எனக்கு வருத்தமா இருந்துச்சு. இத இங்க படிக்கிற யாருக்காவது இப்ப அந்தச் சுருக்குக் கூச்சம் இருந்தா இந்த வாரமே போயி காட்டுங்க, செலவு குறைவு, ஒரே சிட்டிங்ல முடிஞ்சுரும்.

அடுத்தது டீ. டீ கிளாஸ கீழ வச்ச பொறவும் வலி நிக்காம ஓடுதுன்னீங்க. வலி எவ்வளவு பெருசுங்குறத விட எவ்வளவு நேரம் நிக்குதுங்குறததான் நான் எல்லார்கிட்டயும் முதல்ல கேப்பேன். சூடோ குளிரோ பட்டு, அத எடுத்த பொறவும் அரை நிமிசம் தாண்டி நிமிசக்கணக்கா வலி நிக்குதுன்னா, இல்ல எதுவுமே படாம சும்மா உக்காந்திருக்கப்பவே தானா வலி கெளம்புதுன்னா, நரம்பு திரும்பித் தேறுற எல்லைய தாண்டிருச்சுன்னுதான் பெரும்பாலும் அர்த்தம். ராத்திரி படுத்தா கூடுறதும் இதுல சேத்திதான். கையில அடிபட்டா தோலு வீங்கி எடம் குடுக்கும், பல்லுக்குள்ள நாலு பக்கமும் எலும்பு மாதிரி செவுரு, உள்ள வீங்குனா போறதுக்கு எடமே இல்ல, படுத்தா தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடி அந்த அழுத்தம் இன்னும் ஏறும். அதான் விண்ணு விண்ணுன்னு நாடித் துடிப்போட சேந்து தெறிக்குது. எந்தப் பல்லுன்னு சொல்லத் தெரியாததும் இந்தக் கட்டத்துலதான், உள்ள இருக்குற நரம்புக்கு எடம் காட்டத் தெரியாது, கீழ்ப்பல்லு வலிய மேல்பல்லுன்னு சொல்லும், காதுன்னு சொல்லும். ஆனா இடது பக்கத்து வலி வலது பக்கத்துக்குப் போகாது, அத மட்டும் நம்பலாம்.

ஐஸ் தண்ணிய வாயில வச்சுக்கிட்டு நின்னாகன்னு எழுதுனீங்க பாருங்க, அதப் படிச்சதுமே எனக்கு முக்கால்வாசி புரிஞ்சுருச்சு. சூடு பட்டா உசுரு போகுது, குளிர்ச்சி வச்சா அடங்குதுன்னா அது நரம்பு சாகுற கடைசிக் கட்டத்துல வர்ற அறிகுறி. கையில தண்ணி பாட்டிலோட கிளினிக் வாசல்ல வந்து நிக்கிற ஆளப் பாத்தா வாயத் தொறக்கச் சொல்றதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சுரும். அதுக்குப் பொறவு மூணு நாளா சூடும் தெரியல குளிரும் தெரியலன்னா, கீழக்கரை சகோதரர் சொன்னதுதான் நடந்திருக்கும். ஓட்டையோ அப்படியே இருக்கு, எச்சிலும் கிருமியும் உள்ள போயிக்கிட்டே இருக்கு, செத்த சதை அழுகி வேர் நுனி வழியா தாடை எலும்புக்குள்ள எறங்கும். அது சில வாரமும் ஆகலாம், வருசமும் ஆகலாம். அப்பறம் கடிச்சா வலி, பல்லு உசந்த மாதிரி தோணும், ஈறுல பரு மாதிரி ஒன்னு வந்து உப்புக் கரிச்ச மாதிரி சீழ் வடியும், வடிஞ்சா சுகமா இருக்கும், மறுபடி ரொம்பும். அந்தப் பரு வந்தவங்களும் வலியில்லன்னு சும்மா இருக்காங்க, அது சீழ் போக வழி கெடச்சதால வலி இல்லாம இருக்கு, நோய் போனதால இல்ல.

ஆன்டிபயாடிக் பத்தி ஒன்னு சொல்லணும். மாத்திரை ரத்தம் வழியாத்தான் போகும். செத்த பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே இல்ல, அப்பறம் மருந்து எப்படிப் போகும்? முகம் வீங்கி காய்ச்சல் வந்தா நாங்களே எழுதுவோம், அதுகூட சீழுக்கு வழி பண்ணி விடுறதோட சேத்துத்தான். வெறும் பல்லு வலிக்கு மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கித் திங்கிறது வீண். வலிக்கு ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் நல்லா கேக்கும், ஆனா வயித்துப் புண்ணு, கிட்னி பிரச்சன, ஆஸ்துமா இருக்குறவங்களும் கர்ப்பமா இருக்குறவங்களும் ஐபுப்ரோஃபென டாக்டர கேக்காம தொடக்கூடாது. கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரக்க வைக்கும், தப்பில்ல, ஈறுல ஊத்துனா புண்ணாக்கிரும். பொகையிலய அதக்குறது, சுண்ணாம்பு வைக்கிறது, மாத்திரையப் பொடிச்சு ஓட்டையில அடைக்கிறது எல்லாம் வேண்டவே வேண்டாம், ஈறு வெந்து வெள்ளையா உரிஞ்சு வர்றத நான் அடிக்கடி பாக்குறேன். வீங்குன கன்னத்துக்கு வெளிய சூட்டு ஒத்தடம் குடுக்காதீங்க.

தாடைக்குக் கீழ கழுத்துப் பக்கம் வீக்கம் எறங்குனாலோ, கண்ணு மூடுற அளவு மேல ஏறுனாலோ, வாய் தொறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, மூச்சு திணறுதுன்னாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, நேரா பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்க. பல்லுல இருந்து கெளம்புற சீழ் கழுத்துக்குள்ள எறங்குனா மூச்சுக் குழாயவே அடைச்சுரும். சர்க்கரை வியாதி இருக்குறவங்களுக்கு இது இன்னும் வேகமா நடக்கும். இது கடல்ல நடந்தா என்ன ஆகும்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க.

கடைசியா காசு. ரூட் கெனால்தான் பண்ணணும்னு கட்டாயம் இல்லம்மா. பல்ல எடுத்துர்றதும் வைத்தியந்தான், செலவு கம்மி, அரசு ஆஸ்பத்திரியில எடுத்து விடுவாங்க. ஆனா மென்னு திங்கிற முக்கியமான பல்லு, எடுத்தா பக்கத்துப் பல்லு அந்த எடத்துல சாயும், மேல்பல்லு எறங்கி வரும். காப்பாத்த முடிஞ்சா காப்பாத்துங்கன்னுதான் சொல்லுவேன். ரெண்டுல எத வேணும்னாலும் செய்யுங்க, அப்படியே விட்டுட்டு மட்டும் கடலுக்குப் போக வேண்டாம்.

உச்சிப்புளி பனங்காடு:

மன்னிச்சுக்கங்க அக்கா, தெரியாம சொல்லிட்டேன். எங்க அப்பாவுக்கு கீழ் தாடையில பரு மாதிரி ஒன்னு வந்து வந்து போகும், சூட்டுக் கொப்புளம்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்.

பெரியபட்டினம் சங்குக்காரன்:

நான் சங்கு குளிக்கிறவன். டாக்டரம்மா, எனக்கு ஒரு சந்தேகம், இதுவும் பல்லு நரம்புதானான்னு சொல்லுங்க. எனக்கு மேல கடவாப்பல்லுல பழைய அடைப்பு ஒன்னு இருக்கு. கரையில இருக்கப்ப வலி கெடையாது, சூடு குளிரு எதுக்கும் ஒன்னும் பண்ணாது. தண்ணிக்குள்ள முங்கி எறங்க எறங்க அந்தப் பல்லுல ஊசிய வச்சு அமுக்குற மாதிரி ஏறும், மேல வந்ததும் போயிரும். போன மாசம் ஒரு தடவ மேல வர்றப்பதான் வலிச்சுச்சு, அடைப்பே தெறிச்சுரும் போல இருந்துச்சு. எங்க செட்டுல ரெண்டு பேருக்கு இப்படி இருக்கு, காதடைப்புன்னு நெனச்சு மூக்க புடிச்சு ஊதிக்கிட்டு இருக்கானுக.

ராம்நாட்டுப் பல் மருத்துவர்:

நல்லா கேட்டீங்க தம்பி, இதக் கரையில இருக்குற டாக்டர்கிட்ட யாரும் சொல்றதே இல்ல. ஆழத்துக்குப் போகப் போக அழுத்தம் கூடும், பழைய அடைப்புக்கு அடியில சொத்தை விழுந்து காத்து மாட்டியிருந்தாலோ, உள்ள நரம்பு புண்ணாகி இருந்தாலோ அந்த அழுத்தம் பல்லுல தெரியும். மேல வர்றப்ப மாட்டுன காத்து விரியும், அப்ப வலிக்கும், சில நேரம் அடைப்பே பேந்து வரும், பல்லே கூட ஒடையும். முங்குறவங்களுக்கும் விமானத்துல போறவங்களுக்கும் வர்ற பல்லு வலி இது. கரையில வலிக்காத பல்லுல உள்ள கோளாறு இருக்குன்னு கடல் முன்கூட்டியே காட்டிக் குடுக்குதுன்னு எடுத்துக்கங்க. ஆனா மேல்பல்லுங்குறதால இன்னொன்னும் பாக்கணும், மேல் கடவாப்பல்லு வேருக்கு மேலதான் மூக்கோட சேந்த சைனஸ்ங்குற காத்து அறை இருக்கு, சளி கட்டியிருந்தா பல்லு வலி மாதிரியேதான் இருக்கும். குனிஞ்சா கூடுதா, ஒரு பல்லு இல்லாம அந்த வரிசையே கனக்குதா பாருங்க, அப்படின்னா சைனஸா இருக்கலாம். ஒரு எக்ஸ்ரே எடுங்க. ரூட் கெனால் ஆரம்பிச்சா, முழுசா முடிச்சு நெரந்தர அடைப்பு போடுற வரைக்கும் முங்கப் போகாதீங்க, தற்காலிக அடைப்போட எறங்கக்கூடாது. பாசி எடுக்க முங்குற நம்ம பொம்பளைங்களுக்கும் சொல்லுங்க.

தொண்டி லாத்தா:

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், ஏன்னா பல்லு வலின்னாலே ரூட் கெனால்னு பயந்துறக் கூடாது. எங்க உம்மாவுக்கு ஈறு வீங்கி வலி தாங்கல. ஒரு எடத்துல கூட்டிட்டுப் போனோம், எக்ஸ்ரே கூட எடுக்காம ரெண்டு பல்லுக்கு ரூட் கெனால் பண்ணணும்னு சொல்லி பணம் கட்டச் சொன்னாங்க. எனக்கு மனசு கேக்காம வேற டாக்டர்கிட்ட போனேன். அவுங்க பஞ்சுல குளிர்ச்சியா எதையோ வச்சுப் பாத்தாங்க, தட்டிப் பாத்தாங்க, எக்ஸ்ரே பாத்தாங்க, பல்லு நல்லாத்தான் இருக்கு உசுரோட இருக்குன்னு சொல்லிட்டு ஈற நீக்கிப் பாத்தா ஒரு மீன் முள்ளு! பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல குத்தி ஒடஞ்சு நிக்குது, அர வெரக்கடை கூட இருக்காது. இடுக்கியில புடிச்சு எடுத்ததும் கொஞ்சம் சீழ் வந்துச்சு, ரெண்டு நாள் உப்புத்தண்ணியில கொப்பளிச்சாங்க, முடிஞ்சுபோச்சு.

எனக்கு நடந்தது வேற. நண்டுக் கால பல்லுல கடிச்சு ஒடைச்சேன், அதுல இருந்து அந்தப் பல்லுல கடிக்கிறப்ப வலி இல்ல, கடிச்ச பொறவு வாய விடுறப்பதான் சுரீர்னு வரும். எக்ஸ்ரேயில ஒன்னும் தெரியல, மூணு மாசம் அலைஞ்சேன், கடைசியில பல்லுல கீறல் விழுந்திருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. கீறல் நரம்பு வரைக்கும் போனதால ரூட் கெனால் பண்ணி, பல்லு மேல மூடி மாதிரி கேப் போட்டேன். பண்றப்ப வலி இல்ல, ஊசி போட்ட வலிதான். ரெண்டு நாள் மெல்றப்ப கொஞ்சம் நோவு இருந்துச்சு.

செலவுக்கு யோசிக்கிறவங்களுக்கு, புதுக்கோட்டையில 2023ல அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆரம்பிச்சிருக்காங்க, எங்க தொண்டிப் பக்கத்து ஆளுங்களுக்கு மதுரைய விடப் போக்குவரத்து வசதி. மதுரை பெரியாஸ்பத்திரியிலயும் பல் பிரிவு இருக்கு. போறதுக்கு முன்னாடி ரூட் கெனால் பண்றாங்களா, எத்தன தடவ வரணும்னு கேட்டுட்டுப் போங்க.

ராம்நாட்டுப் பல் மருத்துவர்:

லாத்தா சொன்ன அந்த மூணும்தான் முக்கியம், குளிர்ச்சி வச்சுப் பாக்குறது, தட்டிப் பாக்குறது, எக்ஸ்ரே. மூணும் ஒன்ன ஒன்னு ஒத்துப் போகணும். எதையுமே பண்ணாம ரூட் கெனால்னு சொன்னா ஏன்னு கேக்குறதுக்கு உங்களுக்கு முழு உரிம இருக்கு, சங்கடப்படாதீங்க.

இன்னும் சிலது இருக்கு. ஈறு தேஞ்சு வேர் வெளிய தெரியுற பல்லு கூசும், சாம்பலும் செங்கப்பொடியும் போட்டுத் தேய்ச்ச பெரியவங்களுக்கு நெறைய, அதுக்கு ரூட் கெனால் வேண்டாம். வருசக்கணக்குக்கு முன்னாடி முன்பல்லுல அடிபட்டு, இப்ப அந்த ஒரு பல்லு மட்டும் சாம்பல் நெறமா மாறி வருதுன்னா வலியே இல்லாட்டியும் காட்டுங்க, உள்ள செத்திருக்கலாம். அப்பறம் ஐம்பது வயசு தாண்டுனவங்களுக்கு நடந்தா, வேல செஞ்சா இடது தாடை வலிக்குது, உக்காந்தா அடங்குது, வேர்வையும் மூச்சிரைப்பும் இருக்குன்னா பல்லு டாக்டர தேடாதீங்க, அது நெஞ்சு வலியா இருக்கலாம், ஒடனே ஆஸ்பத்திரி.

மண்டபம் தென்றல்:

டாக்டர், என் மக ஆறு மாசம் கர்ப்பம், அவளுக்கும் ராத்திரி பல்லு வலி. பிள்ள பெறக்குற வரைக்கும் பொறுத்துக்கன்னு எல்லாரும் சொல்றாங்க, என்ன பண்றது?

ராம்நாட்டுப் பல் மருத்துவர்:

பொறுக்க வேண்டாம்மா. கர்ப்பத்துலயும் ரூட் கெனால் பண்ணலாம், நடு மூணு மாசம் ஒக்காந்து படுக்க வசதியான நேரம், ஆறு மாசம்னா இப்பவே கூட்டிட்டுப் போங்க. மரத்துப் போற ஊசி போடலாம், பல்லு எக்ஸ்ரேக்கு ரொம்பக் கொஞ்சக் கதிர்தான், தேவைப்பட்டா எடுக்கலாம். சீழோட நாள் கடத்துறதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல். மகப்பேறு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, அவங்க சீட்டையும் கையில கொண்டு போங்க. மாத்திரை எதையும் தானா வாங்கிக் குடுக்காதீங்க.

தங்கச்சிமடத்து வலைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராம்நாட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். இங்க எல்லாரும் எழுதுனத பஸ்ஸுல வச்சு அவுகளுக்குப் படிச்சுக் காட்டுனேன், கீழக்கரை அண்ணன் எழுதுன எடம் வந்தப்ப இன்னொரு தடவ படின்னாக, பொறவு பாலம் வந்து கடல் தெரியுற வரைக்கும் பேசவே இல்ல.

நான் பக்கத்துலயே நின்னேன். ஒரு பஞ்சு உருண்டையில மருந்த அடிச்சாங்க, பனி படிஞ்ச மாதிரி வெள்ளையா ஆச்சு, அத முதல்ல நல்ல பல்லுல வச்சாங்க, சட்டுனு கைய தூக்குனாக. பொறவு அந்தப் பல்லுல வச்சாங்க, வச்சுக்கிட்டே இருந்தாங்க, இவுக ஒன்னுமே தெரியலன்னு தலைய ஆட்டுறாக. அடுத்து கண்ணாடிக் காம்ப திருப்பி ஒவ்வொரு பல்லா மெல்லத் தட்டிக்கிட்டே வந்தாங்க, அந்தப் பல்லுல பட்டதும் நாற்காலிய விட்டு ஒரு சாண் எந்திரிச்சுட்டாக. வலியே இல்லன்னு சொன்ன மனுசன். எக்ஸ்ரேய கம்ப்யூட்டர்ல பெருசாக்கிக் காட்டுனாங்க, வேர் நுனியில பட்டாணி அளவுக்கு கருப்பா ஒரு நெழலு, எலும்பு கரைஞ்ச எடம்னாங்க. ரெண்டு வருசமா ஈக்குச்சி போட்டு நோண்டுன குழிக்கு அடியில இது இருந்திருக்கு.

அன்னைக்கே ஊசி போட்டுத் தொறந்தாங்க. தொறந்ததும் வந்த நாத்தம் எனக்கே அடிச்சுச்சு, கருவாட்டு நடுவுல வாழுற எனக்கே தாங்கல. வேர் வழி மூணு இருக்குன்னாங்க, மெல்லிசு கம்பி வச்சு ஒவ்வொன்னா தேய்ச்சு, மருந்துத் தண்ணி விட்டுக் கழுவி, உள்ள மருந்து வச்சு தற்காலிகமா அடைச்சு அனுப்பியிருக்காங்க. இன்னும் ரெண்டு தடவ வரணுமாம், அப்பறம் கேப். காச மூணு தவணையா வாங்கிக்கிறேன்னாங்க, அது பெரிய ஒத்தாச. ராவு வீட்டுக்கு வந்து நகரை மீன் கொழம்பு ஊத்தி, சோத்த வலது பக்கமாவே மென்னு சாப்புட்டாக.

டாக்டர் மேடம், ஒன்னே ஒன்னு. அடுத்த சிட்டிங் ஏழாவது நாள் வரச் சொல்லியிருக்காங்க, அன்னைக்கு மீன்துறை டோக்கன் விழுந்தா கடலுக்குப் போகணும். ஒரு வாரம் தள்ளிப் போனா பரவால்லயா? கேப் போடாம அப்படியே விட்டா என்ன ஆகும், அதுக்குத்தான் காசு அதிகமாச் சொல்றாங்க.

ராம்நாட்டுப் பல் மருத்துவர்:

ரொம்ப நல்ல காரியம் பண்ணுனீங்கம்மா. மூணு நாலு நாள் முன்ன பின்ன ஆனா பரவால்ல, அந்தக் கிளினிக்குக்கு போன் பண்ணி படகு வராத நாளாப் பாத்து மாத்திக்கங்க, இந்தக் கடற்கரையில வைத்தியம் பாக்குற யாரும் அதுக்குக் கோவிக்க மாட்டாங்க. மாசக்கணக்கா மட்டும் தள்ளிறாதீங்க, தற்காலிக அடைப்பு தேஞ்சு எச்சில் உள்ள எறங்குனா மறுபடி முதல்ல இருந்து வரும். நடுவுல அடைப்பு பேந்தா அன்னைக்கே போன் பண்ணச் சொல்லுங்க.

கேப்ப விட்டுறாதீங்க. கடவாப்பல்லுல அவ்வளவு பெரிய குழி, நடுவுல வேற தொறந்திருக்கு, நிக்கிறது நாலு பக்கத்துச் செவுருதான். ரூட் கெனால் முடிச்சு வலி போச்சுன்னு கேப் போடாம போயி, ஆறு மாசத்துல பல்லு நெடுக்க பொளந்து வந்து கடைசியில எடுத்துப் போட்டவங்க நெறைய பேரு. வெலை கூடுன கேப்தான் வேணும்னு இல்ல, பின்பல்லுக்கு உலோகக் கேப் வெலையும் கம்மி, உழைக்கவும் செய்யும், அதக் கேளுங்க. அதுவரைக்கும் நண்டு, பட்டாணி, கரும்பு எதையும் அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம்னு சொல்லுங்க, வலை கட்டுறப்ப நைலான் நூலப் பல்லுல கடிச்சு அறுக்குற பழக்கம் இருந்தா அதையும் விடச் சொல்லுங்க. படகுல ஐஸ் பெட்டி பக்கத்துல ஒரு டப்பாவுல வலி மாத்திரையும் அந்தக் கிளினிக் நம்பரையும் பாலித்தீன்ல சுத்திப் போட்டு வைங்க.